சுத்து 64-ங்க, அம்மணி

பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்று ராத்திரி சின்னாளபட்டியிலிருந்து அண்ணன் போன் செய்தார். மகளின் மார்க்கைச் சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பின்னால் தறிச் சத்தம் கேட்டது. அப்புறம்தான் விஷயத்துக்கு வந்தார். "இவ உன்ன மாதிரி எழும்பூர் ஆர்ட் காலேஜ்லதான் சேருவேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறா. நீயே சொல்லு. அதப் படிச்சா என்ன வேலை கிடைக்கும்?" காலையில் கூப்பிடுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். காலையில் கூப்பிடவில்லை. மறுநாளும் இல்லை. பதினொரு நாள் ஆயிற்று. பதினேழு வருஷமாக வரைந்துதான் சாப்பிடுகிறேன், கரூரில் என்னோடு இன்னும் இரண்டு பேர் வரைந்து சாப்பிடுகிறார்கள். அப்படி இருந்தும் கூடப்பிறந்தவர் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லாமல் போனது என்னைத் தூங்க விடவில்லை.

இதே கேள்வியை 2003-இல் அப்பா கேட்டார். அப்பாவுக்கு முன்னால் சொந்தக்காரர்கள் எல்லோரும் கேட்டு முடித்திருந்தார்கள். "ஆர்ட் காலேஜ்" என்று சொன்னால் யார் காதிலும் "ஆர்ட்ஸ் காலேஜ்" என்றுதான் விழும். "ஆர்ட்ஸா, ஹிஸ்டரியா எகனாமிக்ஸா?" என்பார்கள். ஓவியம் என்று விளக்கினால் முகம் மாறும். "சரி, டிராயிங் டீச்சராவாவது போயிரலாம்ல" என்று ஆறுதல் சொல்வார்கள். எனக்கு ஆத்திரமாக வரும். கல்லூரியில் சேர்ந்த பிறகு அந்த ஆத்திரத்துக்கு நிறையத் துணையும் கிடைத்தது. எங்கள் வகுப்பில் அந்தக் கேள்வியை யார் கேட்டாலும் அவரைக் கலை தெரியாதவர் என்று ஒதுக்கிவிடுவோம். இப்போது அண்ணன் கேட்கும்போது அப்படி ஒதுக்க முடியவில்லை. நாலு வருஷம் ஹாஸ்டலுக்கும் பேப்பருக்கும் பெயிண்டுக்கும் கட்டப்போவது அவருடைய தறி. அந்தத் தறியில் ஒரு நாள் வேலை நின்றால் என்ன ஆகும் என்பதைப் பார்த்து வளர்ந்தவள் நான். கேட்க முழு உரிமை உள்ளவர் கேட்கிறார்.

எழும்பூர் எனக்குக் கொடுத்ததைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். காலையில் ஆளை உட்காரவைத்து வரைவோம். சாயங்காலம் எழும்பூர் ஸ்டேஷனுக்கு ஸ்கெட்ச் புத்தகத்தோடு போவோம். பிளாட்பாரத்தில் மூட்டைமேல் தலைவைத்துத் தூங்குகிறவர்கள்தான் எங்களுக்குச் சம்பளம் வாங்காத மாடல்கள். தூங்குகிற மனுஷனின் கையை வரைவது லேசில்லை. எழுந்திருக்கும்போது இருக்கிற கை வேறு, தூக்கத்தில் அவிழ்ந்து கிடக்கிற கை வேறு. ரயில் வந்தால் அவர் எழுந்து போய்விடுவார், அதற்குள் முடிக்க வேண்டும். ஒரு நாளைக்கு ஐம்பது ஸ்கெட்ச் என்று வாத்தியார் கணக்கு வைத்திருந்தார். அந்த நாலு வருஷத்தில் எனக்குக் கண் திறந்தது. ஆனால் ஒரு டிசைனுக்கு எவ்வளவு கேட்பது, பில் எப்படிப் போடுவது, வரைந்ததை அச்சுக்காரர் கையில் எப்படி ஒப்படைப்பது என்பதை எல்லாம் ஒரு நாள்கூட யாரும் பேசவில்லை. பேசினால் அது சின்னத்தனம் என்ற எண்ணம் மரத்தடியிலும் இருந்தது, வகுப்பறையிலும் இருந்தது.

அந்தக் கல்லூரியின் சரித்திரத்தைப் பின்னால் படித்தபோதுதான் எனக்குத் திகைப்பாக இருந்தது. அலெக்சாண்டர் ஹன்டர் என்ற டாக்டர் 1850-இல் அதைத் தொடங்கியதே தொழில் கற்றுக்கொடுக்கத்தான். இந்தியாவின் அலுமினியப் பாத்திரத் தொழிலுக்கு வித்து விழுந்த இடமும் அதுதான். பொறுப்பில் இருந்த ஆல்பிரட் சாட்டர்டன் 1898 வாக்கில் அங்கே அலுமினியம் தட்ட வைத்தார். தேவிபிரசாத் ராய் சௌத்ரி முதல்வராக வந்த பிறகுதான் ஓவியமும் சிற்பமும் முன்னுக்கு வந்தன. அவருக்குப் பின் வந்த கே.சி.எஸ். பணிக்கரின் கதை எங்கள் எல்லோருக்கும் மனப்பாடம். 1966-இல் இஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் கலைஞர் கிராமம் உருவான கதை. கடற்கரை, குடிசை, சுதந்திரம் என்று அதைக் கேட்டு மயங்கி இருக்கிறோம். அந்தக் கதையில் ஒரு வரியில் வந்து போகும் சமாசாரம் ஒன்று உண்டு. படிப்பு முடித்த மாணவர்கள் பிழைப்புக்காகத் தூரிகையைக் கீழே வைத்துவிடுவதைப் பார்த்த பணிக்கர், முதலில் கைவினைச் சங்கம் ஒன்றை ஏற்படுத்தினார். மெழுகு பூசிச் சாயம் தோய்க்கிற பத்திக் துணி, தோல் வேலை என்று செய்து விற்றார்கள். அந்த வருமானத்தின் துணையில்தான் கிராமமே எழும்பியது. எனக்கு இப்போது அந்த ஒரு வரிதான் முழுக் கதையாகத் தெரிகிறது. மெழுகுச் சட்டியும் சாயத் தொட்டியும் முதலில் வந்தன, கான்வாஸ் பிறகு வந்தது. ஓவியர் ஆதிமூலத்தின் கோடுகளைக் கொண்டாடுகிறோம். 1969-இல் காந்தியை அவர் நூறு விதமாக வரைந்ததைச் சொல்லிச் சொல்லி மகிழ்கிறோம். அவருக்கு மாதச் சம்பளம் வந்தது நெசவாளர் சேவை மையத்திலிருந்து. துணிக்கு டிசைன் செய்யும் வேலை அது. இந்த இரண்டையும் ஒரே மூச்சில் எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தால் மூன்று வருஷம் மிச்சமாகி இருக்கும்.

வகுப்புத் தோழர்கள்

அண்ணனுக்குப் பதில் தேடித்தான் பழைய நோட்டை எடுத்துப் பெயர்களை வரிசையாகப் பார்த்தேன். எங்களில் பாதிக்குமேல் கிராமத்திலிருந்து வந்தவர்கள். பேனர் எழுதுகிறவரின் மகன், பொம்மை செய்கிறவரின் பேரன், குயவர் வீட்டுப் பெண், என்னைப் போல் தறிக்காரர் மகள். பேனர் எழுதுகிறவரின் மகன் அப்பாவோடு சேர்ந்து பெரிதாக ஒரு கடை போடும் கனவோடு வந்தான். நாங்கள் படித்து முடிப்பதற்குள் ஃபிளெக்ஸ் வந்து அப்பாவின் தொழிலையே விழுங்கிவிட்டது. அவன் இப்போது சினிமா செட்டில் இருக்கிறான். பிளாஸ்டர் சுவரில் நூறு வருஷப் பாசியை ஒரே பகலில் வரவழைக்கிற கை அவனுக்கு. எங்கள் கல்லூரியில் படித்த சாபு சிரில் கலை இயக்கத்தில் தொட்ட உயரத்தைப் பார்த்துத்தான் அந்தப் பக்கம் போனான். படம் இருக்கும் மாதம் பேட்டா உண்டு, இல்லாத மாதம் இல்லை. சங்க அட்டை வாங்கும் வரைக்கும் அதுவும் நிச்சயமில்லை.

இன்னொருவன் பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியர். 2009-இல் வந்த கல்வி உரிமைச் சட்டம், ஆறிலிருந்து எட்டு வரை நூறு பிள்ளைகளுக்குமேல் இருந்தால் கலைக்கல்விக்குப் பகுதிநேர ஆசிரியர் வேண்டும் என்று சொல்லியது. அதை ஒட்டி 2012-இல் தமிழக அரசு ஓவியம், உடற்கல்வி, தையல், கணினி என்று எல்லாவற்றுக்கும் சேர்த்து 16,549 பேரை எடுத்தது. மாதம் 5,000 ரூபாய், வாரத்துக்கு மூன்று அரை நாள். சம்பளம் பின்னால் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. ரொம்ப வருஷம் மே மாதத்துக்குச் சம்பளமே கிடையாது. "பதினோரு மாசம்தான் எனக்குப் பசிக்குமா?" என்று அவன் ஒருமுறை கேட்டான். நிரந்தரம் கேட்டுச் சென்னையில் போராட்டத்தில் எத்தனை தடவை உட்கார்ந்தான் என்பது அவனுக்கே நினைவில்லை. மீதி நாட்களில் கும்பாபிஷேக வேலைக்குப் போகிறான், கோபுரத்துச் சுதைச் சிற்பங்களுக்கு வர்ணம் பூச. சொந்தக்காரர்கள் எங்களுக்கு ஆறுதலாகச் சொன்ன டிராயிங் டீச்சர் வேலை இதுதான்.

குயவர் வீட்டுப் பெண் செராமிக் படித்தாள். ஊருக்குத் திரும்பி அப்பாவின் சூளையிலேயே தட்டும் கோப்பையும் சுட்டு ஹோட்டல்களுக்கு அனுப்புகிறாள். எங்களில் நிம்மதியாக இருப்பது அவள்தான் என்று எனக்குத் தோன்றும். இரண்டு பேர் அனிமேஷன், விஎஃப்எக்ஸ் பக்கம் போனார்கள். ஒருத்தி ரோட்டோ செய்கிறாள். ஓடுகிற குதிரையின் பிடரி மயிரைச் சுற்றி ஃபிரேம் ஃபிரேமாகக் கோடு கட்டுகிற வேலை, ஒரு நொடிக்கு 24 ஃபிரேம். ஒன்பது வருஷத்தில் மூன்று ஸ்டுடியோ மாறிவிட்டாள். பத்திரிகைக்குப் படம் போடப் போனவன், தொடர்கதைகள் குறையக் குறைய வேலை குறைந்து, இப்போது குழந்தைகள் புத்தகங்களுக்கு வரைகிறான். ஆறு பேரைப் பற்றி யாருக்கும் தகவல் இல்லை. அந்த ஆறு பெயர்களில்தான் என் பேனா நீண்ட நேரம் நின்றது. எங்கள் வகுப்பிலேயே நன்றாக வரைந்தவன் அதில் ஒருவன்.

ஒன்றைக் கவனித்தேன். தூரிகையைக் கையில் வைத்துக்கொண்டிருக்கும் எல்லோருமே கல்லூரிக்கு வெளியே போய் இன்னொரு தொழிலை ஆதியிலிருந்து கற்றவர்கள். செட் ஆசாரியிடம், ஸ்தபதியிடம், கம்ப்யூட்டர் முன்னால். அதற்கு ஒவ்வொருவருக்கும் இரண்டிலிருந்து மூன்று வருஷம் பிடித்திருக்கிறது. அந்த இரண்டு மூன்று வருஷத்தில் வீட்டுக்குப் பணம் அனுப்பியே ஆகவேண்டும் என்று இருந்தவர்கள்தான் விழுந்தார்கள். திறமைக் குறைவால் விழுந்தவர் என்று ஒருவரைக்கூட என்னால் காட்ட முடியவில்லை.

ஆவாரம்பூ

என்னுடைய மூன்று வருஷமும் அப்படித்தான் போனது. மழலையர் பள்ளிச் சுவரில் யானை வரைந்தேன். கல்யாண மண்டபத்துக்குத் தெர்மாகோல் வெட்டினேன். ஒரு தனியார் பள்ளியில் 4,500 ரூபாய்க்கு டிராயிங் டீச்சராக இருந்தேன். பரீட்சை நெருங்கினால் ஓவிய வகுப்பைக் கணக்கு டீச்சர் எடுத்துக்கொள்வார். 2009-இல் தோழி ஒருத்தி சொல்லிக் கரூருக்கு வந்தேன். அங்கிருந்து மேஜை விரிப்பும் படுக்கை விரிப்பும் வெளிநாட்டுக்குப் போகின்றன, டிசைன் வேண்டும் என்றாள். பெரிய தாளில் ஆவாரம்பூ வரைந்து எடுத்துப்போனேன். ஒரு வாரம் உட்கார்ந்து வரைந்தது. ஒவ்வொரு இதழும் ஒரு மஞ்சள். இலைகளில் மட்டும் ஒன்பது பச்சை. ஏற்றுமதி ஆபீசில் பார்த்தவர் "அழகா இருக்கு, ஈரோடு பக்கம் பிரிண்டிங் யூனிட்ல மாஸ்டர்கிட்ட காட்டிட்டு வாங்க" என்று அனுப்பினார்.

மாஸ்டருக்கு ஐம்பது வயதுக்குமேல் இருக்கும். நகக்கண்ணெல்லாம் நீலம். தாளை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு ஒன்றும் சொல்லாமல் அதைச் சுருட்டி, ஓரமாகக் கிடந்த நிக்கல் உருளை ஒன்றின்மேல் சுற்றினார். ரோட்டரி மெஷினில் துணிமேல் உருண்டு உருண்டு வண்ணம் இறக்குகிற ஸ்கிரீன் அது. தாளின் இரண்டு முனையும் சேருகிற இடத்தில் ஒரு பூ பாதியில் அறுந்து நின்றது. பக்கத்தில் ஒரு காம்பு அந்தரத்தில் தொங்கியது. "சுத்து 64-ங்க, அம்மணி. 64 சென்டிமீட்டரு. உருளை ஒரு சுத்து வந்தா மறுபடி இதே எடத்துலதானுங்க ஆரம்பிக்கும். உங்க பூவு எங்க போயி முடியுதுன்னு பாத்தீங்களா?" 64, 32, 16, இல்லாவிட்டால் 64-இல் மூன்றில் ஒரு பங்கு. இந்த அளவுகளுக்குள்தான் பூ திரும்பத் திரும்ப வர வேண்டும். நாலு வருஷம் படித்த எனக்கு இது தெரியாது. கண்ணில் நீர் முட்டியது. அவர் அதைக் கவனித்தாரா என்று தெரியவில்லை. பழைய தினசரித் தாள் ஒன்றை எடுத்து நடுவில் பேனாவால் ஒரு பூவைக் கிறுக்கினார். நட்டக்குத்தாக வெட்டினார். இடப்பாதியை வலப்பக்கமும் வலப்பாதியை இடப்பக்கமும் மாற்றிவைத்து ஒட்டினார். பிறகு குறுக்காக வெட்டி, மேலே இருந்ததைக் கீழே கொண்டுவந்து ஒட்டினார். இப்போது பூ நாலு மூலைக்கும் போய்விட்டது, நடுவில் வெற்றிடம். "இந்தக் காலி எடத்துல வரைங்க. ஓரத்தத் தொடாதீங்க. எந்தப் பக்கம் ஒட்டுனாலும் சேரும்." நாலு துண்டுத் தாள், ஒரு பசை டப்பா. அவ்வளவுதான்.

அடுத்து வண்ணத்தை எண்ணினார். இருபத்திமூன்று. ஒரு வண்ணத்துக்கு ஒரு ஸ்கிரீன், அந்த மெஷினில் எட்டுதான் மாட்ட முடியும். ஒவ்வொரு ஸ்கிரீனும் காசு. "ஆறுக்குள்ள கொண்டாங்க, அப்பத்தானுங்க கட்டும்." அந்த இடத்தில்தான் எழும்பூர் எனக்குக் கை கொடுத்தது. வாட்டர்கலரில் ஒரு மஞ்சள் பூச்சு காய்ந்தபின் அதன்மேல் நீலத்தை மெல்லிசாக ஓட்டினால் என்ன பச்சை வரும் என்பது எனக்கு உறக்கத்திலும் தெரியும். வருஷக்கணக்காக அதை மட்டுமே செய்திருக்கிறேன். அப்படியானால் இலைக்குப் பச்சை ஸ்கிரீனே வேண்டாம், மஞ்சளையும் நீலத்தையும் ஒன்றன்மேல் ஒன்று விழவிட்டால் போதும் என்றேன். மாஸ்டர் நிமிர்ந்து பார்த்தார். "விழவுடலாமுங்க. கலர் அசிங்கமாப் போயிருமுன்னு பயந்துக்கிட்டு யாரும் அப்படிக் கொடுக்கறதில்ல. எந்த மஞ்சளுக்கு எந்த நீலம்னு நீங்க சொல்லுவீங்களா?" சொல்வேன் என்றேன். அன்று சாயங்காலம் வரைக்கும் அவரோடு சாயக்கிண்ணங்களுக்கு நடுவில் உட்கார்ந்து துணித் துண்டுகளில் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசி பஸ்ஸைத் தவறவிட்டேன். ஆவாரம்பூ ஐந்து ஸ்கிரீனில் அடங்கியது. பட்டம் வாங்கி இரண்டு வருஷத்துக்குப் பிறகு, நான் படித்தது ஒருவருக்கு வேண்டியிருந்த முதல் நாள் அது. மறுநாளிலிருந்து கூலி இல்லாமல் அந்த யூனிட்டுக்குப் போக ஆரம்பித்தேன். ஏழு மாதம் போனேன். தோழி வீட்டில் சோறு கிடைத்ததால்தான் போக முடிந்தது.

அந்த ஆவாரம்பூவுக்கு எனக்குக் கிடைத்தது 800 ரூபாய். அடுத்த வருஷம் அதே பூ நாப்கினிலும் ஏப்ரனிலும் திரை துணியிலும் வந்ததைப் பார்த்தேன். யாரும் கேட்கவில்லை, ஒரு ரூபாயும் வரவில்லை. என் ஓவியம், என் உரிமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 15-ஆம் பிரிவின்படி, பதிவு செய்யத்தக்க ஒரு டிசைனைப் பதிவு செய்யாமல் விட்டு, அதைத் தொழில்முறையில் ஒரு பொருளில் ஐம்பது தடவைக்குமேல் அச்சடித்துவிட்டால் அதன்மேல் பதிப்புரிமை நிற்காது. ஐம்பத்தோராவது விரிப்போடு போயிற்று. டிசைன் சட்டத்தின்கீழ் பதிந்தால் பத்து வருஷம், நீட்டித்தால் இன்னும் ஐந்து வருஷம் பாதுகாப்பு உண்டு. ஒரு வக்கீல் வீட்டுக்கு ஜன்னல் திரை வரைந்து கொடுக்கப் போனபோது அவர் பேச்சுவாக்கில் சொல்லித்தான் எனக்கு இது தெரிந்தது. அப்போது எனக்கு 31 வயது. துணி டிசைனுக்கென்றே ஒரு துறை இருக்கும் கல்லூரியில் படித்து வந்தவள் நான். இந்த ஒரு பிரிவைச் சொல்லிக்கொடுக்க அரை மணி நேரம் போதும். இப்போது என் பில்லில் எந்தப் பொருளுக்கு, எத்தனை வருஷத்துக்கு என்று எழுதித்தான் கொடுக்கிறேன். இரண்டு கம்பெனிகள் அதனாலேயே என்னிடம் வருவதை நிறுத்தின. வருந்தவில்லை.

ஏ.ஐ. வந்துவிட்டதே, இனி யார் வரையக் கூப்பிடுவார்கள் என்று அண்ணன் கேட்கவில்லை, ஆனால் கேட்பார். போன தீபாவளிக்குப் பிறகு என்னிடம் வருகிற வேலையில் மூன்றில் ஒன்று, மெஷின் போட்ட படத்தை எடுத்துவந்து "இத ரிப்பீட்டுக்குக் கொண்டாங்க, கலரக் குறைச்சுக் கொடுங்க" என்று கேட்கிற வேலை. வெறும் பூ வரைகிற வேலை குறைந்திருக்கிறது, மறைக்க ஒன்றுமில்லை. உருளையின் சுற்றளவும் சாயத்தின் குணமும் தெரிந்தவர்களுக்கு வேலை இருக்கிறது. இன்னும் பத்து வருஷம் கழித்தும் இப்படித்தான் இருக்குமா என்று என்னால் உறுதி சொல்ல முடியாது.

பன்னிரண்டாம் நாள் அண்ணனைக் கூப்பிட்டேன். எதையும் பூசி மெழுகவில்லை. அந்தப் பட்டத்தின் பெயரில் எந்த ஆபீசிலும் நாற்காலி காத்திருக்காது என்று சொன்னேன். பள்ளிக்கூடம், செட், கோயில் வேலை, ஸ்டுடியோ, துணி, சூளை என்று நான் கண்ட வழிகளைச் சொன்னேன். ஒவ்வொரு வழியிலும் யார் எவ்வளவு வாங்குகிறார்கள் என்று நோட்டைப் பார்த்துப் பார்த்துச் சொன்னேன். தகவல் இல்லாத ஆறு பேரையும் சொன்னேன். நாலு வருஷம் படிப்பு, அதற்குமேல் இரண்டு வருஷம் ஒரு வேலையைக் கற்க, ஆகமொத்தம் ஆறு வருஷம் அவளிடமிருந்து ஒரு ரூபாயும் எதிர்பார்க்காமல் இருக்க முடிந்தால் சேர்த்துவிடுங்கள் என்றேன். முதல் வருஷத்திலிருந்தே லீவுக்கு லீவு யாராவது ஒரு தொழில்காரர் பட்டறையில் போய் உட்கார வேண்டும், அது என் நிபந்தனை என்றும் சொன்னேன். அண்ணன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். தறி நின்றிருந்தது போல, சத்தமே இல்லை.

"நாலு வருசத்த நான் பாத்துக்கிறேன்," என்றார். "அந்தக் கடைசி ரெண்டு வருசம் அவ எங்க இருப்பா?"

"என் வீட்லண்ணே."

மாடி அறையில் பழைய ஸ்கிரீன் சட்டங்களைப் போட்டு வைத்திருக்கிறேன். இந்த ஞாயிற்றுக்கிழமை ஆள் வந்து அவற்றைக் கீழே இறக்கப்போகிறார். வடக்குப் பார்த்த ஜன்னல் அந்த அறைக்கு. வரைகிறவர்களுக்கு நல்ல வெளிச்சம்.